பின்பக்க அறையில் ஒரு வளையம்

1993 ஜூலை 12, திங்கள்

காலையில் கள்ளிக்குப்பம் வேம்புலியம்மாள் வந்தாள். மகன் கன்னியப்பன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். சனிக்கிழமை போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்களாம், இன்னும் காணோம்.

"டேசன்ல கேட்டா அப்டி யாரும் இல்லன்றாங்க. நீயும் போலீசுல இருந்தவன்தான நைனா, உனுக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் சின்னசாமிக்கு போன் போட்டேன். என் கீழே எஸ்.ஐ.யாக இருந்தவன். "அப்படி யாரையும் கூட்டினு வரல சார்" என்கிறான். யாரிடம் சொல்கிறான்? இருபத்திரண்டு வருஷம் காக்கி போட்டு, அதற்கப்புறம் எம்.எல்.ஏ. ஆனவனிடம். ரிஜிஸ்டரில் ஏற்றாமல் ஆளை வைத்திருப்பது எனக்குத் தெரியாத வித்தையா?

ஜூலை 13

நானே ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லோரும் விறைத்து நின்று சல்யூட். என் கையும் பாதி எழும்பிவிட்டது, சனியன்.

லாக்கப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே பின்னால், காலி குவார்ட்டர்ஸ். உள்ளே கன்னியப்பன். ஜன்னலுக்குக் கீழே சுவர் வளையத்தில் கையைக் கட்டியிருந்தார்கள். வலது கையில் மூன்று விரல் உடைந்து வீங்கி — லேத் பிடிக்கிற கை. எதற்கு? எங்கள் கட்சி வட்டச் செயலாளர் பக்தவத்சலத்தின் லாரியில் பேட்டரி காணோமாம்.

பேட்டரிக்கு மூணு விரலாடா, பாவிங்களா.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஆர்.டி.ஓ. விசாரணை கேட்டு மனு எழுதினேன்.

ஜூலை 19

பக்தவத்சலம் வந்தான். "நம்ம ஆட்சி அண்ணாத்தே. நீயே மனு குடுத்தா தலைமை இன்னா நெனிக்கும்? அடுத்த வாட்டி சீட்டு வேணாமா?"

வெளியே போ என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனான்.

ஆகஸ்ட் 2

பின்னால் இருப்பது பழைய சாமான் போடும் அறை, ஆளை அங்கே வைத்ததே இல்லை என்று சின்னசாமி ஆர்.டி.ஓ.விடம் சொல்லிவிட்டான். வளையம் எதற்கு? மாடு கட்ட யாரோ அடித்ததாம். போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டு. சாட்சிக்கு ஒருத்தனைக் கூட்டிப் போகாதது என் முட்டாள்தனம். நான் சொன்னால் போதும் என்கிற பழைய போலீஸ் திமிர்.

வராந்தாவில் சின்னசாமி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்கிறான்: "வளையத்தப் பத்திப் பேசினா உங்களுக்கும்தான் சார் வம்பு வரும்."

எனக்கும்தான். 84-இல் அந்த வளையத்தை அடிக்கச் சொன்னவன் நான். சுத்தியலை எடுத்துக் கொடுத்தவன் அவன்.

ஆகஸ்ட் 3

ராத்திரி மனுவின் நகலை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன்மேல் வருகிற கோபமா, இல்லை...

ஆகஸ்ட் 9

சொல்லிவிட்டேன். வளையம், எதற்காக அடித்தது, யார் யாரைக் கட்டினோம், எல்லாம். ஆர்.டி.ஓ. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

வெளியே வேம்புலியம்மாள் நின்றிருந்தாள். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன், பொய் எழுதக்கூடாது. அவள் கேட்டது: "நீ கட்டிப் போட்டியே, அவுங்களுக்கு யாரு வந்தாங்க?"

பற்றிக்கொண்டு வந்தது. இவள் மகனுக்காகத்தானே இவ்வளவும்?

1996 மார்ச் 26

வேட்பாளர் பட்டியல் வந்தது. என் பேர் இல்லை. என் இடத்தில் பக்தவத்சலம். சின்னசாமி மேல் போட்ட கேஸ் இன்னும் வாய்தாவில் ஓடுகிறது.

ஏப்ரல் 27

மேனாம்பேடு பள்ளிக்கூடத்தில் ஓட்டு. எனக்கு முன்னால் கன்னியப்பன். கம்பெனி வாசலில் இப்போது வாட்ச்மேனாம். கையெழுத்துப் போடத் தெரிந்தவன். பேனா விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தான். திரும்பும்போது என்னைப் பார்த்தான், வணக்கம் சொல்லவில்லை.

அதே பேனாவை என்னிடம் நீட்டினார்கள். வாங்கக் கை கூசியது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.