சட்டைப் பையில் தீப்பெட்டி

பிளஸ்ஸி,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னி மதியம் வரை தாங்காது, இப்போதே காலி பண்ணு. அம்மா ஆமத்தூர் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள். பள்ளிக்கூடம் போகும்போது சாவியை எதிர்வீட்டில் கொடு.

நேற்றுக் காலை பட்டாசுக் கம்பெனி கேட்டில் என் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்ததைப் பிடித்து, எல்லார் முன்னாலும் திட்டித் திருப்பி அனுப்பினார்கள். சட்டையை மடித்து வைத்தவள் நீ என்பதால் வந்த வேகத்தில் உன்னை அடித்தேன். "நான் வைக்கலப்பா, சத்தியமா வைக்கல" என்று எத்தனை தடவை சொன்னாய்!

சாயங்கால ஜெபத்தில் கரண்ட் போனதே, அப்போது மெழுகுவத்தி கொளுத்திய என் கை தானாகத் தீப்பெட்டியைப் பைக்குள் போட்டது. முந்தாநாளும் இப்படித்தான் போட்டிருக்கிறேன். உறைத்தும் வாய் திறக்கவில்லை. "எங்கள் பிதாவே" என்று நானும் அம்மாவும் சொன்னோம். நீ மட்டும் அதை விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து சேர்ந்துகொண்டாய். கேட்டது.

நம் தப்பையெல்லாம் மன்னிக்கிறவரைத்தான் பிதா என்கிறோம். நானோ என் தப்பை உன்மேல் போட்டேன். மன்னிச்சிரும்மா. இன்று ஜெபத்தில் அம்மா முன்னாலும் இதைச் சொல்வேன். "பிதாவே" என்ற அந்த வார்த்தையை உனக்கு வரும்போது சொல், காத்திருக்கிறேன்.

அப்பா

பின்குறிப்பு: சீட்டு பறக்காமல் மேலே வைத்திருப்பது அதே தீப்பெட்டிதான். இனி மெழுகுவத்தி கொளுத்துவது நீ. நான் கேட்டாலும் பெட்டியைத் தராதே.