இலஞ்சித் தெருவில் கேட்ட உன் ராக் பாட்டு

தென்காசி

அன்பு மகன் ஆதித்தனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், சாரலும் சுகம்தான், மூன்று நாளாக ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது. கோலாலம்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அந்த வீடியோ கேம் போட்டியின் விளம்பரத்துக்கு நீ மலாய்ப் பாஷையில் பாடிய ராக் பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. உட்கார்ந்த இடத்தில் விரலால் ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு டிரம்ஸ் எதற்கு? பார்க்க வருகிறவர்கள் கத்துவார்களா, ஆடுகிறவன் காதில் அது விழுமா, அவ்வளவு பெரிய அரங்கத்துக்கு எத்தனை ஸ்பீக்கர் பாக்ஸ் வைப்பான்? ஊரில் மைக் செட் கட்டுகிறவன் கேட்கிறேன், விசாரித்து எழுது. வீடியோவுக்குக் கீழே எவனெவனோ உன் குரலில் சண்டைக்கான வேகமே இல்லை என்று எழுதிவிட்டானாம், அதற்காக இறுதிப்போட்டி மேடையில் பாட மாட்டேன், இனிமேல் பாட்டே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று இலஞ்சியில் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பு. குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் முதலில் பிள்ளையார் பாட்டுத்தான் போட வேண்டும், ஒரு நாளும் நான் அதை மாற்றியதில்லை. அதற்கு முன் உன் பாட்டை நான் மட்டும் மெதுவாகக் கேட்கலாமென்று போனைத் தட்டினேன், அது ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்திருந்ததை மறந்துபோனேன். தெரு முழுக்க உன் குரல். எந்தத் திருகைத் திருப்புவதென்று தடுமாறினேன். நம்மோடு வேலை செய்கிற எபனேசர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் வீட்டுக்கார அண்ணாச்சி வந்துவிட்டார். வையப்போகிறார் என்று நின்றேன். அவரோ, யாரு வே இது பாட்டுப் படிக்கது, பாசை ஒண்ணும் விளங்கல, ஆனா பய எவனையோ சண்டைக்குக் கூப்புடுதான்லா என்றார். என் மகன் என்று சொன்னேன். பிள்ளையார் பாட்டு முடிந்ததும் உன்னுடையதை மறுபடி போடச் சொன்னார்.

குழாயில் டிரம்ஸ் எடுபடாது, குரல்தான் முன்னால் நிற்கும். வீடியோ செய்தவர்கள் டிரம்ஸை ஏற்றி உன்னை அமுக்கிவிட்டார்கள், அது அவர்கள் கோளாறு. மேடையில் மைக் செட்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள். முப்பது வருஷமாக ஊரார் குரலையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன், என் பிள்ளையின் குரல் என் குழாயில் வந்தது நேற்றுத்தான். அதற்குள் நிறுத்திவிடாதே ஐயா.

குற்றாலநாதர் உன் கூடவே இருப்பார். வெந்நீர் குடி. போட்டி நடத்துகிறவர்கள் கேட்டபடி வெள்ளிக்கிழமைக்குள் அவர்களிடம் பாடுகிறேன் என்று சொல்லிவிடு.

உன் அப்பா,
நல்லகண்ணு