கறுவலின் புது நிறம்

என் அருமை அப்பா,

முதலில் கறுவலின் செய்தி. சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடம் யாழ்ப்பாணத்தில் நீங்கள் வாங்கிவந்தீர்களே, கடலுக்குப் போகிறவர் காசு கொடுத்து மீன் வாங்கினார் என்று ஊரே சிரித்த அந்தக் கறுப்புத் தங்கமீன், அது சுகமாக இருக்கிறது. கறுப்பாகத்தான் இல்லை.

உங்கள் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து அம்மா நெடுந்தீவில் சின்னம்மா வீட்டில் தங்கி நின்ற நாட்களில் அதன் வயிறு செம்பு நிறமானது. பிறகு பக்கங்கள். பக்கத்து வீட்டு றோசா அக்கா மதிலால் எட்டிப் பார்த்தார்.

"என்னடி, கறுவலுக்கு விசா கிடைச்சிட்டுதோ? வெள்ளைக்காரனாகிறான்!"

திரும்பி வந்த அம்மா சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது செத்துப்போச்சு. நீ வேற ஒண்டு வாங்கி விட்டிருக்கிறாய்."

"இல்லையம்மா. வயது போக இந்த மீனுகளுக்குக் கறுப்புப் போறதாம். வாசிச்சனான்."

"புத்தகத்தை விடு. நீயும் அவரைப் போலதானே? வாய்வு, வாய்வு எண்டே போயிட்டார்."

நெஞ்சுநோவை வாய்வு என்று சொல்லி எங்கள் இருவரையும் நம்பவைத்தீர்கள். நாங்கள் பயந்துவிடுவோம் என்றுதானே அப்பா? அதன் பழி இப்போது எனக்கு.

உங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா கறுவலிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு நின்றுபோனது. என் சொல்லை இனி எப்போதாவது நம்புவாரா? வாதாடாமல், தொட்டியைக் குசினி யன்னலடிக்கு மாற்றினேன். மீனின் முதுகில் இன்னும் கறுப்பு மிச்சமிருந்தது. தேங்காய் துருவும்போது அம்மா ஓரக்கண்ணால் அதைப் பார்ப்பார். நான் கவனிக்காததுபோல இருப்பேன்.

ஒரு காலை கூப்பிட்டார்.

"எடியே, ஓடி வா! நேற்று முதுகில கிடந்த கறுப்பு பாதியாப் போச்சு!"

"அப்ப நான் வேற மீன் வாங்கி விட்டதோ?"

"சும்மா இரடி." கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியருகே குனிந்தார். "கேட்டியே கறுவல், இவளுக்கு வாய் கூடிப்போச்சு."

இப்போது அது முழுப் பொன்னிறம். அம்மாவுக்கு இன்னும் கறுவல்தான். காலையில் இருவரும் கதைக்கும் சத்தத்தில்தான் நான் எழும்புகிறேன். இந்த நிறத்தைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கறுவலும் ஒருநாள் போகும். அன்று எதையும் மறைக்காமல் முதலில் அம்மாவைக் கூப்பிடுவேன். எனக்கு நெஞ்சு நொந்தாலும், அப்பா, நெஞ்சு நோகிறது என்றே அவரிடம் சொல்வேன்.

உங்கள் ஒரே பிள்ளை,
ஊர்காவற்றுறை