பிள்ளை இல்லாத ஆயிரம் தாய்மார்

பிப்ரவரி 3, உப்சாலா

பேராசிரியர் பதவியை எனக்குக் கொடுக்காமல் மாலினுக்குக் கொடுத்தார்கள். இன்றைய கூட்டத்திலும் அவள்தான் தலைமை.

என் முடிவைச் சொன்னேன். பிரசவத்துக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு, மூன்றாவது வாரம் ரத்தத்தில் மருந்தின் அளவு விழுந்துவிடுகிறது. சிறுநீரகம் அதை வேகமாக வெளியே தள்ளுகிறது. ஆகவே மருந்தைக் கூட்ட வேண்டும். ஆய்வுக்கு வந்த பெண்களின் ரத்த அளவுகளை வைத்துக் கணினியில் ஆயிரம் பெண்களை உருவாக்கி, ஆறு வாரம் ஓட்டிப் பார்த்தாயிற்று. மார்ச்சில் மருத்துவக் குழுவுக்கு அறிக்கை போகும்.

மாலின் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "எல்லாம் சரி ஸ்டஃபான். உங்க ஆயிரம் பொம்பளைங்கள்ல ஒருத்திக்காவது குழந்தை இருக்கா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாங்கிப்போன இலவங்கப்பட்டை பன்னைத் தின்றுகொண்டே.

பிப்ரவரி 4

குழந்தையாம்! சமன்பாட்டில் அதை எங்கே போடுவது?

பிப்ரவரி 11

தூவாவுக்குப் பெண் குழந்தை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். என் மகளுக்குப் பிரசவமானது அவள் அம்மா அனுப்பிய ஒரு வரிச் செய்தியில்தான் எனக்குத் தெரிகிறது. விவாகரத்தில் வீட்டையும் எடுத்துக்கொண்டாள், மகளையும் எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 14

தூவாவே கூப்பிட்டாள். இரண்டு வருடத்தில் முதல் முறை.

"அப்பா, இந்த ரத்த ஊசி உன் சமாச்சாரம்தானே? ஆஸ்பத்திரியில நர்ஸ் போட்டாங்க. எனக்கே குத்திக்கக் கை வரல. புருஷன்னு பேரு, ஓலே வேற கப்பல் வேலைக்குப் போயிட்டான். தினம் ஒண்ணு, ஆறு வாரம். நீ வந்து போடறியா?"

"உங்கம்மா?"

"அம்மா ஊசியைப் பாத்தாலே மயங்கி விழுவா. மறந்துட்டியா?"

ஆக, வேறு ஆளில்லாமல் நான். போனேன். இருபது வருடமாக நான் கட்டுரை எழுதும் மருந்து. இன்றுதான் கையில் பிடித்தேன்.

பிப்ரவரி 19

பனி. போனேன், போட்டேன், வந்தேன். காப்பிகூடக் கொடுக்கவில்லை.

மார்ச் 2

சளி பிடித்து மூன்று நாள் போகவில்லை. நீயே போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தேன். இன்று பார்த்தால் மூன்று ஊசியும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன.

"தூவா, இது விளையாட்டில்ல! ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனா—"

"கத்தாத, இப்பதான் தூங்குது. பால் குடுத்தேன், கக்கினா, துடைச்சேன், அழுதா, நானும் அழுதேன். இதுல ஊசி எங்க ஞாபகம் வரும்? எங்க தாய்மார் குழுவுல பாதிப் பேர் இப்படித்தான். நர்ஸ் கேட்டா போட்டேன்னு சொல்லிடுவோம்."

மூன்றாவது வாரம்.

தொட்டிலுக்கு மேலே மாலினின் முகம் தெரிவது போலிருந்தது. காப்பி கலக்கிக்கொண்டு.

மார்ச் 3

ஆய்வுக்கு வந்த பெண்கள் போட்டேன் என்றார்கள், நானும் போட்டதாகவே கணக்கில் ஏற்றினேன். கட்டிய மனைவி சொன்னதையே நம்பாத நான்!

மார்ச் 6

கணினி மாடலில் ஒன்று சேர்த்தேன்: ஊசி விட்டுப்போகும் வாய்ப்பு. கணக்கு வரைந்த கோடு, நிஜ ரத்த அளவுகளின் புள்ளிகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சிறுநீரக வேகமெல்லாம் ஆவி.

மருந்தைக் கூட்டினால் விட்டுவிடுகிறவளுக்கு ஒன்றும் ஆகாது. ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறவளுக்குத்தான் ரத்தம் கொட்டும். தூவா மாதிரி. நான்தானே தினமும் போய்க் குத்துகிறேன்.

அறிக்கை தயாராகத்தான் இருக்கிறது. அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 10

அனுப்பவில்லை. புதிய கணக்கை மாலினிடம் கொடுத்தேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பாள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். முழுவதும் படித்துவிட்டு, "நல்ல வேலை ஸ்டஃபான்" என்றாள். அவ்வளவுதான்.

இதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.

மார்ச் 25

கடைசி ஊசி. "நாளையிலேர்ந்து நான் வர வேண்டாம்" என்றேன்.

"இவளைக் கொஞ்சம் பிடி, குளிச்சுட்டு வரேன்" என்று போனவள் கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டாள். குழந்தை கத்தித் தீர்த்து, என் தோளில் கக்கி, அங்கேயே தூங்கிப்போனது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையில் என் ரத்த அழுத்த மாத்திரை. போட்டுக்கொள்ளவே இல்லை.

நர்ஸ் கேட்டால் போட்டேன் என்றுதான் சொல்வேன்.