பிடி இல்லாத இடம்

மாசி, ஞாயிறு இரவு.

என் மனைவி செல்வி தூங்கிவிட்டாளா, சும்மா படுத்திருக்கிறாளா, தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். எனக்கே தெரியப்போவதில்லை.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளியில் பாறை ஏது? ஏறுவதற்குப் புதுக்கோட்டைப் பக்கம்தான் போகிறோம். எனக்குப் பார்வை நிழலளவுதான். செல்வி கீழே என் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கே பிடி இருக்கிறது என்று கடிகாரக் கணக்கில் சொல்வாள். "வலது கை, ரெண்டு மணி." நான் ஏறுவேன்.

இன்று பாதியில் கால் வழுக்கியது. இடது கை தானாக ஒரு பள்ளத்தில் நுழைந்தது. நான்கு விரல்களும் அளவெடுத்ததுபோல் பொருந்தின. அதில் தொங்கியபடி மூச்சு வாங்கினேன்.

கீழே செல்வியின் குரல் மாறியது. "என்னங்க, அங்க பிடியே இல்லையே. எதைப் புடிச்சிக்கிட்டு தொங்குறீங்க?"

நான் இறங்கியதும் அவள் ஏறித் தடவிப் பார்த்தாள். "வழவழன்னு இருக்குங்க. நகம் நுழைய இடமில்ல."

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. உழுத சேற்றில் புதைந்த காலை எடுத்தால், அது ஒரு கணம் பிடித்து வைத்துக்கொண்டுதான் விடும்.

இன்று நான் விரல்களை எடுத்தபோது, அந்தப் பாறையும் அப்படித்தான் விட்டது.