பூமாலையின் உடைந்த பலகைகள்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் வான்மதிக்கு,

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம்தான், ஜெர்மனிக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பல்வலி தேவலை. வடக்கனந்தலில் சித்தப்பா கரும்பு வெட்ட ஆரம்பித்துவிட்டார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வருகிறது.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் உடைந்த மாதிரிகளை எறியாமல் அலமாரியில் வைத்து, ஏன் உடைந்தது என்று வாரம் ஒருநாள் கூடிப் பேசுவீர்கள், எங்கள் கல்லூரியிலும் அப்படிச் செய்தால்தான் பிள்ளைகள் புதிதாக எதையாவது முயன்று பார்ப்பார்கள் என்று போன வருஷம் சொன்னாய். நான் சிரித்தேன். ஆரோக்கியதாஸ் லேப்பில் ஓர் அலமாரியே ஒதுக்கிச் செய்தான். எனக்கு ஜூனியர், எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். 'ஒடைச்சிக்கினு வாங்கப்பா, அப்பதான் பேச விஷயம் இருக்கும்' என்பான். பழைய ரெக்கார்டைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சங்கராபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பேசினார்கள். என் வகுப்பு முடிந்து அப்படி ஒருவர்கூட நின்றதில்லை. கல்வராயன் மலைப் பெண் பூமாலை, மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியையும் கரும்புச் சக்கையையும் சேர்த்து அழுத்திக் கூரைப் பலகை செய்கிறாள். உடைந்ததெல்லாம் அந்த அலமாரியில்தான் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அனுப்பச் சொல்லி நீயே கேட்டிருந்தாய்.

ஆயுத பூஜைக்கு லேப்பைக் கழுவும்போது அட்டெண்டர் செல்லமுத்து, 'ஒடைஞ்சத வெச்சிக்கினு பூஜை போட்டா ஆவாதுங்களே, வாரிடட்டுங்களா சார்?' என்றான். ஆரோக்கியதாஸ் அன்று லீவு. வாரு என்றேன். தெரிந்துதான் சொன்னேன். குப்பை வண்டி போனபிறகு மெஷினுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன்.

பூமாலை அழவில்லை. 'பலகைய மறுபடி செஞ்சிக்கலாம் சார், எங்க தப்பாச்சின்னு இனிமே எதப் பாத்துக் கண்டுபுடிக்கிறது?' என்று கேட்டாள். பிரின்சிபால் அறையில் செல்லமுத்து, 'சாரக் கேட்டுக்கினுதாங்க கொட்னேன்' என்றான். என்னை எப்போது கேட்டாய் என்றேன், எல்லோர் எதிரிலும். அவன் என்னையே பார்த்தான். 'அப்ப நான்தான் மறந்துட்டேன் போலக்குதுங்க' என்றான். நாளை விசாரணை, அவன் வேலை போய்விடும் என்கிறார்கள். நீயும் போனில் அவனைத் திட்டினாய், நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. உன் அலமாரி எப்போதும் நிறைந்திருக்கட்டும். பூமாலைக்கு மறக்காமல் நாலு வரி எழுது, அவள் விட்டுவிடக் கூடாது. வாரச் சொன்னது நான்தான் என்று எழுதி, கையெழுத்தை நான் நாளை விசாரணைத் தாளில் போட வேண்டும். இங்கே போட்டுவிட்டால், மகளிடம் சொல்லியாயிற்றே என்று அங்கே போகாமல் இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் பேர் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.