சத்தத்தை நிறுத்திய காட்சி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன். நீ எழுதும் டிவி தொடரை வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் சபைப் பெண்களோடு என் வீட்டில்தான் பார்க்கிறோம். வழக்கம் உனக்குத் தெரியும். தகாத பேச்சு வந்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்துவேன். முடிந்ததும் எது தகும், எது தகாது என்று பேசுவோம். கதையில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைத்தபோதுகூட, "பொறுங்க, என் தம்பி அவளைச் சும்மா விடமாட்டான்" என்று உனக்காக மல்லுக்கு நின்றேன்.

இந்த வாரம் உன் தொடரில் வரும் அந்த ரவுடி வானத்தைப் பார்த்துக் கடவுளை ஏச ஆரம்பித்தான். சத்தத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன்தான். அதற்காக? என்னோடு முழங்காலிட்டு ஜெபிக்கப் பழகியவன் நீ, இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு கர்த்தரை ஏச ஆள் வைக்கிறாய். விடுமுறைக்கு இங்கே வரவேண்டாம்.

மனம் நொந்து,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஸ்டுடியோ கேன்டீனில் படித்தேன். டீ ஆறிப்போனது. விஷம் வைத்தவளுக்குத் தவணை, கத்தினவனுக்கு உடனே நரகமா? திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேட்டுவிட்டுத் திட்டு. அந்தக் காட்சியை வெட்டச் சொல்லி இயக்குநர் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். ஏன் என்று எழுத எனக்குத் துணிவில்லை.

வராதே என்றால் வரமாட்டேன். உன் வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்பது உனக்கே தெரியும்.

உன் தம்பி

மார்ச் 20

என் தம்பிக்கு,

பிடிவாதமாகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை எங்களோடு தொடர் பார்க்கும் தையல்காரம்மாதான் அதைக் கெடுத்தாள். தைத்த துணியைக் கொடுக்க வந்தவள், "திட்டுறவன் எதுக்குங்க அவ்வளவு அழறான்?" என்றாள். "அதைக் கேட்டா பாவம்" என்றேன். "கேக்காம தீர்ப்புச் சொன்னா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறு ஒளிபரப்பில், கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காட்சியைச் சத்தத்தோடு பார்த்தேன். அவன் மடியில் பிள்ளையின் சட்டை. "இன்னும் பால் வாசம் போகல. புடுங்கிக்கவா குடுத்த? இனிமே உன்கிட்ட பேசவே மாட்டேன்" என்கிறான். சொல்லிவிட்டு, விடாமல் கடவுளிடமே பேசிக்கொண்டிருக்கிறான்.

தம்பி, அது என் வார்த்தை. என் பிள்ளையைப் பறிகொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் கத்தியது. அதற்காக இத்தனை வருஷமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவன் வாயில் கேட்டபோதுதான் அதுவும் ஜெபம் என்று தெரிந்தது. சோப்பு விளம்பரத்துக்கும் எண்ணெய் விளம்பரத்துக்கும் நடுவே, ஒட்டு மீசை வைத்த ஒரு ரவுடியைக் கொண்டு கர்த்தர் என்னிடம் பேசுவாரா? டிவி முன்னால் முழங்காலிட்டவள், தொடர் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

மாமியார் விஷம் வைத்தது இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை நேரில் பேசிக்கொள்ளலாம், வா.

குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். கதவுக்கு வெளியே நின்ற உனக்கே கேட்டிருக்கிறது. அப்படியானால் அவருக்கும் கேட்டிருக்கிறது.

உன் அக்கா